வெளியூரிலிருந்து வீட்டு நாஸ் பெட்டிக்குள் பத்திரமாக நுழைவது எப்படி

வீட்டில் ஒரு நாஸ் பெட்டியை, அதாவது வீட்டு வலையமைப்பில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டியை, வாங்கி வைத்துவிட்டு, வேலைக்காகச் சிங்கப்பூரிலோ ஜோகூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேராக்கில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இப்படிப்பட்ட வீடுகளைப் பார்க்கலாம். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த குடும்பம், பிள்ளைகள் வெளியூரில், அம்மா அப்பா மட்டும் வீட்டில், டிவி மேசைக்குக் கீழே இரண்டு ஹார்டு டிஸ்க் போட்ட ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் கோயில் திருவிழாக் காணொளி, கல்யாணப் படங்கள், வீட்டு கிராண் (நிலப் பட்டா), 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா வாங்கிய பங்குப் பத்திரத்தின் ஸ்கேன் என்று எல்லாமே கிடக்கும். போனால் திரும்ப வாங்க முடியாத சரக்கு. அதனால் நீங்கள் நுழைவதற்கான வழியோடு, மற்றவன் நுழையாமல் இருப்பதற்கான வழியிலும் நான் கொஞ்சம் அதிகமாகவே நின்று பேசப் போகிறேன்.

கட்டளைகளை நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். குழப்பம் வரக்கூடிய இடத்தில் குறிகளையும் சேர்த்துச் சொல்கிறேன். படிகள் சைனாலஜி பெட்டியை வைத்து எழுதியவை. கியூநாப் வைத்திருப்பவர்களுக்கு மெனுவின் பெயர்கள் மாறும், வேலை ஒன்றுதான்.

கட்டளை வரி எதற்கு?

படம் பார்க்க, ஒரு கோப்பை இறக்க, பெட்டியோடு வரும் செயலியே போதும். எஸ்எஸ்எச், அதாவது தூரத்திலிருக்கும் கணினிக்கு மறையாக்கத்தோடு கட்டளை அனுப்பும் வழி, தேவைப்படுவது வேறு மாதிரி வேலைகளுக்கு. ஆயிரக்கணக்கான படங்களை ஆண்டு வாரியாகப் பிரிக்க வேண்டும், அல்லது இணையப் பக்கம் உறைந்துபோய் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை, அல்லது ஒரு முழுக் கோப்புறையை யூஎஸ்பி டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு பெட்டியை வலைவட்டாக (நெட்வொர்க் டிரைவாக) லேப்டாப்பில் திறந்து மவுஸால் இழுத்துப் போட்டால் ஒவ்வொரு கோப்பும் வீட்டிலிருந்து உங்கள் லேப்டாப்புக்கு வந்து மறுபடி வீட்டுக்கே திரும்பிப் போகும், இரண்டு பயணம், அதுவும் வீட்டு இணையத்தின் பதிவேற்ற வேகத்தில். கட்டளை வரியில் நீங்கள் அனுப்புவது ஒரு வரி எழுத்து மட்டும். நகலெடுப்பது பெட்டிக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும்.

முதலில் வீட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது செய்துகொள்ளுங்கள். தூரத்திலிருந்து தொடங்கினால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள்.

பெட்டியின் மென்பொருளை முதலில் புதுப்பியுங்கள். அப்புறம் உங்கள் பெயரில் நிர்வாகி உரிமையுள்ள ஒரு புதுக் கணக்கு தொடங்கி, 'அட்மின்' என்று பெட்டியோடு வந்த கணக்கை முடக்குங்கள், ஏனென்றால் ஊர் உலகத்தில் கடவுச்சொல் ஊகிக்கும் நிரல்கள் எல்லாம் முதலில் முயல்வது அந்தப் பெயரைத்தான். சைனாலஜியில் நிர்வாகிக் குழுவில் இருப்பவர் மட்டுமே எஸ்எஸ்எச் வழியாக நுழைய முடியும், ஆகவே அந்தக் கணக்கின் கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். இணையப் பக்கத்துக்கு நீங்கள் போட்டிருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு எஸ்எஸ்எச் பக்கம் வேலை செய்யாது. இது பலருக்குத் தெரிவதில்லை, கைப்பேசியில் எண் வருகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

ரவுட்டருக்குள் போய் நாஸ் பெட்டிக்கு எப்போதும் ஒரே உள்முகவரி கிடைக்கும்படி ஒதுக்கி வையுங்கள். 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டரில் யூபிஎன்பி என்ற வசதி திறந்திருந்தால் மூடுங்கள். வீட்டிலுள்ள எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலே வெளியுலகுக்கு வழி திறந்துகொள்ள அது இடம் கொடுக்கும்.

இப்போது பெட்டியின் கன்ட்ரோல் பேனலில் டெர்மினல் என்ற பகுதிக்குப் போய் எஸ்எஸ்எச் சேவைக்கு டிக் போடுங்கள். பக்கத்திலேயே டெல்நெட் என்று ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். டெல்நெட்டில் கடவுச்சொல் உட்பட எல்லாமே மறையாக்கம் இல்லாமல் அப்படியே கம்பியில் போகும். எஸ்எஸ்எச் பிறந்ததே அதனால்தான்: 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதைப் பார்த்து, அங்கிருந்த தாத்து யுலோனென் அதை எழுதினார். இன்று நம் பெட்டிகளில் ஓடுவது பெரும்பாலும் 1999-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச். விண்டோஸ் 10-இலும் 2018-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் அது உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டாம்.

லேப்டாப்பில் பவர்ஷெல்லைத் திறந்து, எஸ்எஸ்எச், இடைவெளி, உங்கள் கணக்குப் பெயர், அட் குறி, 192.168.1.50 என்று ஒரே வரியில் தட்டி என்டர் அழுத்துங்கள். 'இந்தக் கணினியை எனக்குத் தெரியாது, நம்பலாமா?' என்ற பொருளில் ஒரு கேள்வி வரும், கூடவே எஸ்எச்ஏ256 என்று தொடங்கும் ஒரு நீண்ட கைரேகை வரி. எல்லாரும் படிக்காமல் 'யெஸ்' என்று தட்டிவிட்டுப் போகிற இடம் இதுதான். அந்தக் கைரேகை உங்கள் பெட்டியின் அடையாளம். வீட்டுக்குள், உங்கள் ரவுட்டரில், நடுவில் வேறு யாரும் இல்லாதபோது பார்த்தால்தான் அதை நம்பி எழுதி வைத்துக்கொள்ள முடியும். அதனால்தான் முதல் நுழைவை வீட்டிலேயே செய்யச் சொல்கிறேன். அந்த வரியை ஒரு குறிப்பில் போட்டு வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, நட்சத்திரம்கூட வராது. விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம், அது அப்படித்தான். தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள்.

சாவி செய்துகொள்வது

கடவுச்சொல்லை யாரும் ஊகிக்கலாம், திருடலாம், அதே சொல்லை வேறு தளத்திலும் வைத்திருந்து அங்கிருந்து கசியலாம். அதனால் சாவிக்கு மாறுங்கள். பவர்ஷெல்லில் இன்னொரு சாளரம் திறந்து, பெட்டிக்குள் அல்ல, லேப்டாப்பில்தான், எஸ்எஸ்எச்-கீஜென், இடைவெளி, கழித்தல் குறி, உடனே டி, இடைவெளி, இடி25519 என்று தட்டுங்கள். எங்கே சேமிப்பது என்று கேட்டால் என்டர். அடுத்துச் சாவிக்கு ஒரு கடவுத்தொடர் கேட்கும். சோம்பல்பட்டு வெறுமையாக விட்டுவிடாதீர்கள், லேப்டாப் பேருந்தில் தொலைந்தால் அந்தத் தொடர்தான் உங்களைக் காப்பாற்றும்.

இப்போது இரண்டு கோப்புகள் உருவாகியிருக்கும். ஒன்றின் பெயர் 'புள்ளி பப்' என்று முடியும், மற்றதற்கு வால் இல்லை. பப் கோப்பு பூட்டு மாதிரி, அதை எந்தப் பெட்டியிலும் மாட்டலாம், யார் பார்த்தாலும் பாதகமில்லை. வால் இல்லாததுதான் சாவி. அது லேப்டாப்பை விட்டு வெளியே போகவே கூடாது. வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிக்கொள்வது, பென்டிரைவில் போடுவது, எதுவும் வேண்டாம்.

சைனாலஜியில் கணக்குகள் பகுதியின் மேம்பட்ட அமைப்புகளில் 'யூசர் ஹோம்' என்ற சேவையை முதலில் இயக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டை வைக்க உங்களுக்கென்று இடமே இருக்காது. மேக் அல்லது லினக்ஸ் என்றால் எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி என்ற கட்டளை மிச்ச வேலையை முடித்துவிடும். விண்டோஸில் அது இல்லை, ஆகவே கையால் செய்வோம். பப் கோப்பை நோட்பேடில் திறந்து முழு வரியையும் நகலெடுங்கள். பெட்டியிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்து, அந்தச் சாளரத்தில் எம்கேடிஐஆர், இடைவெளி, புள்ளி எஸ்எஸ்எச் என்று தட்டி ஒரு கோப்புறை உருவாக்குங்கள். பிறகு எக்கோ, இடைவெளி, இரட்டை மேற்கோளுக்குள் நகலெடுத்த வரி, இடைவெளி, 'விடப் பெரியது' குறி இரண்டு, இடைவெளி, புள்ளி எஸ்எஸ்எச், சாய்கோடு, ஆதரைஸ்டு அடிக்கோடு கீஸ். குறி இரண்டு என்பதைக் கவனியுங்கள். இரண்டு போட்டால் கோப்பின் கடைசியில் சேர்க்கும், ஒன்று போட்டால் ஏற்கெனவே இருந்த பூட்டுகளை எல்லாம் அழித்துவிட்டு இதை மட்டும் எழுதும்.

அடுத்தது உரிமைகள். அந்தக் கோப்பை வேறு யாரும் மாற்ற முடியும் என்ற நிலை இருந்தால் எஸ்எஸ்எச் அதை நம்பவே நம்பாது, சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி கடவுச்சொல் கேட்கும். உரிமையை மாற்றும் கட்டளை சிஎச்மாட்: 700 புள்ளி எஸ்எஸ்எச் கோப்புறைக்கு, 600 உள்ளே இருக்கும் கோப்புக்கு, 755 உங்கள் ஹோம் கோப்புறைக்கு. 'சாவி போட்டேன், வேலை செய்யவில்லை' என்று புலம்புகிறவர்களில் பலர் மாட்டிக்கொள்வது மூன்றாவதில். சைனாலஜி ஹோம் கோப்புறையைத் தாராளமான உரிமையோடு உருவாக்கி வைத்திருப்பதுண்டு.

பழைய சாளரத்தை மூடாமல் புதுச் சாளரம் ஒன்றில் நுழைந்து பாருங்கள். கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்காமல் சாவியின் கடவுத்தொடரை மட்டும் கேட்டு உள்ளே விட்டால் சரி. அதற்கு அப்புறம்தான் இடிசி கோப்புறைக்குள் எஸ்எஸ்எச் என்ற கோப்புறையில் இருக்கும் எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பில் 'பாஸ்வேர்ட்ஆதன்டிகேஷன்' என்ற வரியைத் தேடி, முன்னால் ஹேஷ் குறி இருந்தால் நீக்கி, 'நோ' என்று மாற்ற வேண்டும். அந்தக் கோப்பைத் திருத்த, கட்டளைக்கு முன்னால் சூடோ போட்டு முழு அதிகாரம் கேட்க வேண்டும். மாற்றியபின் கன்ட்ரோல் பேனலில் எஸ்எஸ்எச் டிக்கை எடுத்து மறுபடி போட்டால் மாற்றம் நடைமுறைக்கு வரும். மென்பொருள் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்ட பிறகு அந்த வரி அப்படியே இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து வருவது: ரவுட்டரில் போர்ட்டைத் திறக்காதீர்கள்

யூடியூபில் தேடினால் பாதிப் பேர் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு, எஸ்எஸ்எச் வழக்கமாகப் பயன்படுத்தும் 22-ஆம் எண் கதவை (போர்ட்டை) வெளியுலகுக்குத் திறக்கச் சொல்வார்கள். வேண்டாம். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வெளியிட்ட ஸீமாப் என்ற கருவி, ஒரே ஒரு கணினியை வைத்துக்கொண்டு இணையத்தின் ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் துழாவிவிடும். அது அன்றைய நிலை. திறந்த கதவைத் தேட யாரும் சுங்கை சிப்புட்டைக் குறி வைக்கத் தேவையில்லை, மொத்த உலகத்தையும் சேர்த்துத்தான் துழாவுகிறார்கள். 22-க்குப் பதிலாக 2222 என்று மாற்றி வைத்தால் பதிவேட்டில் சத்தம் குறையும், அவ்வளவுதான், அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, எஸ்எஸ்எச்சுக்குத் திறக்கிறவர்கள் அதோடு நிற்பதில்லை, இணையப் பக்கத்தையும் சேர்த்தே திறந்து விடுகிறார்கள். 2014-இல் சைனோலாக்கர் என்ற தீநிரல் சைனாலஜி பெட்டிகளையும், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற தீநிரல் கியூநாப் பெட்டிகளையும் பிடித்துக் கோப்புகளை மறையாக்கிப் பணம் கேட்டன. டெட்போல்ட் ஒரு பெட்டிக்கு 0.03 பிட்காயின் கேட்டது. மாட்டியவை எல்லாம் இணையத்தில் வெளியே தெரிந்த பெட்டிகள்.

நம் ஊரில் போர்ட் திறந்தாலும் பலருக்கு வேலை செய்யாது என்பது வேறு கதை. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான்' என்று குறித்திருக்கும் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து யாரும் உங்கள் வீட்டை நேராகக் கூப்பிட முடியாது.

இரண்டுக்கும் சேர்த்து நான் சொல்லும் மருந்து டெயில்ஸ்கேல் என்ற செயலி. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம், சைனாலஜியின் பேக்கேஜ் சென்டரிலேயே கிடைக்கிறது. பெட்டியிலும் லேப்டாப்பிலும் கைப்பேசியிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், மூன்றுக்கும் இடையில் வயர்கார்டு மறையாக்கத்தோடு ஒரு தனிப்பாதை உருவாகும். ஒவ்வொன்றுக்கும் 100 என்று தொடங்கும் ஒரு முகவரி வரும், உங்கள் கருவிகளைத் தவிர வேறு யாராலும் அதைத் தொட முடியாது. ரவுட்டரில் ஒன்றையும் திறக்க வேண்டாம்.

இதில் இரண்டு காரியத்தை மறக்காதீர்கள். டெயில்ஸ்கேலுக்குள் நுழையப் பயன்படுத்தும் கூகுள் கணக்கோ எதுவோ, அதற்குக் கட்டாயம் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடுங்கள், இனி அதுதான் வீட்டு வாசல். அடுத்து, ஒவ்வொரு கருவியின் அனுமதியும் வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். நாஸ் பெட்டிக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிர்வாகப் பக்கத்தில் முடக்கி வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் சிங்கப்பூர் ஊட்லண்ட்ஸில் இருக்கும்போது ஒரு நாள் அது காணாமல் போகும், அம்மாவுக்குத் தொலைபேசியில் டெயில்ஸ்கேலை விளக்க வேண்டி வரும்.

வெளியூரிலிருந்து முதன்முதலில் அந்த 100 முகவரிக்கு எஸ்எஸ்எச் போடும்போது மறுபடி 'நம்பலாமா' என்று கேட்கும், ஏனென்றால் முகவரி புதியது. குறித்து வைத்த கைரேகையோடு ஒப்பிடுங்கள், அதே வரிதான் வர வேண்டும். வந்தால் யெஸ். ஒவ்வொரு தடவையும் எண்ணைத் தட்டச் சலிப்பாக இருந்தால் லேப்டாப்பின் புள்ளி எஸ்எஸ்எச் கோப்புறையில் கான்ஃபிக் என்று ஒரு கோப்பு போட்டு, ஹோஸ்ட் என்ற வரியில் நீங்கள் விரும்பும் ஒரு செல்லப்பெயர், அடுத்த வரிகளில் ஹோஸ்ட்நேமுக்கு முகவரி, யூசருக்குக் கணக்குப் பெயர் என்று எழுதி வைத்தால், பிறகு எஸ்எஸ்எச் போட்டுச் செல்லப்பெயரை மட்டும் தட்டினால் போதும்.

உள்ளே போனபின்

முதலில் பார்க்க மட்டும் செய்யும் கட்டளைகளோடு பழகுங்கள். எல்எஸ் என்றால் என்னென்ன கோப்பு இருக்கிறது, டிஎஃப் போட்டு இடைவெளி விட்டுக் கழித்தல் எச் என்றால் எவ்வளவு இடம் மிச்சம். எனக்குப் பிடித்தது கேட், இடைவெளி, சாய்கோடு ப்ராக் சாய்கோடு எம்டிஸ்டாட். இரண்டு டிஸ்க்கும் ஒன்றையொன்று நகலாக வைத்திருக்கும் பெட்டியில் எம்டி2 என்ற பகுதியின் கீழ் சதுர அடைப்புக்குள் யூயூ என்று இரண்டு எழுத்து தெரிந்தால் இரண்டும் நலம். ஒரு யூ இருந்த இடத்தில் அடிக்கோடு வந்தால் ஒரு டிஸ்க் விழுந்துவிட்டது, அன்றைக்கே புது டிஸ்க் வாங்க ஆள் அனுப்புங்கள். நான்கு டிஸ்க் போடக்கூடிய பெட்டியில் இரண்டு மட்டும் போட்டிருந்தால் எம்டி0, எம்டி1 இரண்டிலும் யூயூவுக்குப் பின் இரண்டு அடிக்கோடு இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், காலியான இடங்களைத்தான் அது சொல்கிறது.

ஆர்எம் கட்டளையிடம் மட்டும் மரியாதையாக இருங்கள். பகிர்வுக் கோப்புறையில் ரீசைக்கிள் தொட்டி வைத்திருந்தாலும், எஸ்எஸ்எச்சில் ஆர்எம் போட்டு அழித்தது அங்கே போகாது, போனது போனதுதான். அழிப்பதற்கு முன் அதே பாதையை எல்எஸ் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் எல்எஸ்ஸை ஆர்எம் என்று மாற்றுவது நல்ல பழக்கம். சூடோ கழித்தல் ஐ போட்டு ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள கணக்காக) மாறி உட்கார்ந்துகொண்டு வேலை செய்வதும் வேண்டாம், தேவைப்படும் ஒரு கட்டளைக்கு மட்டும் முன்னால் சூடோ போடுங்கள்.

நீண்ட நேர வேலைக்கு முன்னால் நோஹப், கடைசியில் இடைவெளி விட்டு அண்ட் குறி. பேராக்கில் பிற்பகல் மழை பிடித்து இணையம் அறுந்தால் சாதாரணக் கட்டளை அங்கேயே செத்துவிடும், நோஹப் போட்டது பெட்டிக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். யூஎஸ்பி டிஸ்க்குக்கு நகலெடுக்க நோஹப், ஆர்சிங்க், கழித்தல் ஏ, படக் கோப்புறையின் பாதை, யூஎஸ்பியின் பாதை, அண்ட் குறி, எல்லாவற்றுக்கும் இடையில் இடைவெளி. சைனாலஜியில் படங்கள் வால்யூம்1-க்குள்ளும், யூஎஸ்பி பெரும்பாலும் வால்யூம்யூஎஸ்பி1-க்குள் யூஎஸ்பிஷேர் என்றும் இருக்கும். மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவற்றை மட்டும் நகலெடுக்கும், போடாவிட்டால் கோப்புறையையும் சேர்த்து. இரண்டு டிஸ்க் இருப்பதே காப்புநகல் என்று நினைக்கிறவர்கள் இந்த வேலையை ஒத்திப்போடாதீர்கள். நீங்கள் தவறி ஒன்றை அழித்தால் இரண்டாவது டிஸ்க்கும் அதே நொடியில் அழித்துவிடும்.

இடி மின்னலுக்கு எஸ்எஸ்எச்சில் மருந்தில்லை. மின்சாரம் போய் வந்தால் பெட்டி தானாக எழும்பும்படி ஹார்டுவேர் அண்ட் பவர் பகுதியில் ஒரு டிக் இருக்கிறது, போட்டு வையுங்கள், முடிந்தால் யூபிஎஸ் ஒன்றும். பிளக்குகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தாள் ஒட்டி, சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டி முதலில், ரவுட்டர் இரண்டாவது, நாஸ் மூன்றாவது என்று வீட்டில் சொல்லி வைத்தால், "அம்மா, ரெண்டாம் நம்பரை மட்டும் கழற்றிப் போடுங்க" என்று ஒரு அழைப்பில் காரியம் முடியும். மூன்றாவதை மட்டும் பட்டென்று பிடுங்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

திட்டி அனுப்பினால்

'டைம்டு அவுட்' என்று வந்தால் பாதையே இல்லை: டெயில்ஸ்கேல் இரண்டு பக்கமும் ஓடுகிறதா, வீட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 'ரெஃப்யூஸ்டு' என்றால் பெட்டி உயிரோடு இருக்கிறது, எஸ்எஸ்எச் சேவைதான் அணைந்திருக்கிறது. 'பெர்மிஷன் டினைடு' என்றால் சாவியிலோ உரிமைகளிலோ கோளாறு, அந்த 755-ஐ மறுபடி பாருங்கள். திரை நிறைய அட் குறிகளோடு 'ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்டு' என்று கத்தினால் நிறுத்துங்கள். பெட்டியை ரீசெட் செய்திருந்தால் கைரேகை மாறுவது இயல்பு. எஸ்எஸ்எச்-கீஜென், கழித்தல் பெரிய ஆர், முகவரி என்று போட்டுப் பழையதை நீக்கிவிட்டு மறுபடி நுழையலாம். ரீசெட் செய்யவில்லை, வீட்டிலும் யாரும் தொடவில்லை என்றால் கடவுச்சொல் எதையும் தட்டாமல் வெளியே வாருங்கள், ஊருக்குப் போய்ப் பார்க்கும்வரை நுழைய வேண்டாம்.

ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி செய்துகொள்ளுங்கள், ஒரே சாவியை லேப்டாப்புக்கும் கைப்பேசிக்கும் நகலெடுக்காதீர்கள். பப் வரியின் கடைசியில் எந்தக் கருவி என்று பெயர் இருக்கும். அந்தக் கருவி தொலைந்தால் டெயில்ஸ்கேல் பக்கத்தில் அதை நீக்கிவிட்டு, வேறொரு கருவியிலிருந்து பெட்டிக்குள் போய் ஆதரைஸ்டு_கீஸ் கோப்பில் அந்தப் பெயருள்ள வரியை மட்டும் அழித்தால் போதும், மற்ற கருவிகள் வழக்கம்போல நுழையும்.